கடனை அடைக்கணுமா, காசு சேர்க்கணுமா?



கையில் கடனும் இருக்கிறது, மாசக் கடைசியில் இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சமும் ஆகிறது. அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டுவதா, தபால் ஆபீசில் போடுவதா? இதை நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். என் அண்ணன், 'கடன் இருக்கிற வீட்டுல சேமிப்பு என்ன வேண்டிக் கிடக்கு? எல்லாத்தையும் கடனுக்குக் கட்டு' என்றார். மாடி போர்ஷன் அக்கா, 'கடன் கிடக்குது விடு, நாலு காசு சேர்த்தாத்தான் நமக்கு பலம்' என்றார். நாத்தனார் சீட்டு போடச் சொன்னாள். மூன்று பேருமே என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் மாசாமாசம் வட்டி கட்டப் போவது நான்தானே! அதனால் நோட்டும் பேனாவும் எடுத்து நானே கணக்குப் போட ஆரம்பித்தேன். பத்தாவது வரை படித்தவள்தான் நான். ஆனால் இந்தக் கணக்குக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். என்னைப் போலத் தனியாகக் குடித்தனம் பண்ணும் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்காரர் 2022-ஆம் வருட நடுவில் டிரைவர் வேலைக்கு மஸ்கட் போனார். குழந்தை இல்லை. மாமியார் ஊரில் இருக்கிறார். நான் பூந்தமல்லி குமணன்சாவடி பக்கம் ஒற்றை ரூம் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவும், அதற்குப் பிறகு அவர் வெளிநாடு போன செலவும் சேர்ந்து எங்களுக்கு மூன்று கடன்.

முதலாவது, வங்கியில் நகைக் கடன். என் தாலிச் சங்கிலி இரண்டு பவுன், வளையல் இரண்டு பவுன், மொத்தம் 1,10,000 ரூபாய். வருஷத்துக்கு 9 சதவீதம் என்றால் மாசம் 825 ரூபாய் வட்டி. இரண்டாவது, தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய 50,000 ரூபாய் கைமாத்து. மூணு வட்டி, அதாவது நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய். மாசம் 1,500. மூன்றாவது, மகளிர் குழுவில் வாங்கிய 40,000 ரூபாய் கடன். 24 மாசத் தவணை, மாசம் 2,115 ரூபாய்.

அவர் அனுப்புவது 22,000. நான் சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பதில் 1,500 வரும். ஆக 23,500. வாடகை 6,500, கரண்ட், தண்ணீருக்கு 800, மளிகை, காய்கறி, பால், கேஸ் எல்லாம் 5,000, மாமியாருக்கு 3,000, மருந்து, போன், சில்லறைச் செலவு 1,200. இது 16,500 ஆச்சு. மிச்சம் 7,000-ல் மூன்று கடனுக்கும் 4,440 போய்விடும். கையில் நிற்பது 2,560 ரூபாய். இந்த 2,560-ஐ என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் அக்கா சொன்ன கணக்கைப் பார்ப்போம். தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதமாக உயர்த்தினார்கள். (அரசு மூன்று மாசத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும். அன்றைக்கு என்ன வட்டி என்று கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.) மாசம் 2,500 வீதம் ஒரு வருஷம் போட்டால் 30,000 சேரும். அதற்கு வட்டி சுமார் 1,100 ரூபாய்தான் வரும். அதே ஒரு வருஷத்தில் கைமாத்துக் கடனுக்கு நான் கட்டும் வட்டி 18,000! மூணு வட்டி என்று சொன்னால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். பன்னிரண்டால் பெருக்குங்கள், வருஷத்துக்கு 36 சதவீதம். ஒரு கையால் ஆறு ரூபாய் சொச்சம் வாங்கி, மறு கையால் முப்பத்தாறு ரூபாய் கொடுப்பதற்குப் பெயர் சேமிப்பா?

அப்படியென்றால் அண்ணன் சொன்னதுதானே சரி என்பீர்கள். முக்கால்வாசி சரிதான். ஆனால் அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறார், சம்பாதிக்கிற மகன் இருக்கிறான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒன்று என்றால் யாராவது ஒருவர் பையில் ஐந்நூறாவது இருக்கும். தனியாக இருக்கிறவளுக்கு அப்படியா? கடைசி ரூபாய் வரை கடனுக்குக் கட்டிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்தால், ஒரு ஜுரம் வந்தாலே மறுபடியும் வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போகணும். அவசரத்துக்கு வாங்கும் கடனுக்கு மூணு வட்டி அஞ்சு வட்டியாகிவிடும், அஞ்சு பத்தாகிவிடும். ஆகவே நான் போட்ட வரிசை இது: முதலில் ஒரு சின்னக் கைப்பணம். அடுத்து அதிக வட்டிக் கடன். அதற்கப்புறம் குறைந்த வட்டிக் கடனும் சேமிப்பும் சேர்ந்தாற்போல.

கைப்பணம் என்று நான் வைத்தது 10,000 ரூபாய். 2022 நவம்பரில் தொடங்கி நாலு மாசத்தில் சேர்ந்தது. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம், வட்டி 4 சதவீதம். அதில் 8,000 போட்டேன். மீதி 2,000-ஐ வீட்டிலேயே வைத்தேன். எங்கே என்று எழுத மாட்டேன்! ராத்திரியில் தபால் ஆபீசும் திறந்திருக்காது, ஏ.டி.எம். இருக்கும் இடத்துக்குத் தனியாகப் போகவும் முடியாது. அதனால்தான் வீட்டில் கொஞ்சம். பண்டிகைக்கும் சேலைக்கும் சீர்வரிசைக்கும் இந்தப் பணத்தைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம்.

அந்த நாலு மாசமும் மூணு வட்டிக் கடன் அப்படியே நின்றதே, நஷ்டம்தானே என்று கேட்கலாம். நஷ்டம்தான். பத்தாயிரத்துக்கு மாசம் முந்நூறு ரூபாய். அந்த முந்நூறைத் தனியாக இருப்பதற்கான காவல்கூலி என்று நினைத்துக்கொண்டேன். 2023 டிசம்பரில் அதன் அருமை தெரிந்தது. மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் வடிந்த கையோடு எனக்குக் கடும் காய்ச்சல். ராத்திரி பதினோரு மணிக்கு ஹவுஸ் ஓனர் அம்மாதான் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனார். ஆட்டோ, டாக்டர், ரத்தப் பரிசோதனை, இரண்டு நாள் குளுக்கோஸ் என்று 6,000 ரூபாய். வீட்டில் இருந்த இரண்டாயிரம் அந்த ராத்திரிக்கு ஆச்சு, மறுநாள் ஓனர் அம்மாவிடம் பாரம் எழுதிக் கொடுத்து மீதியை எடுத்தோம். யாரிடமும் கை நீட்டவில்லை. மஸ்கட்டில் இருப்பவருக்கு உடம்பு தேறிய பிறகுதான் சொன்னேன். அடுத்த இரண்டு மாசம் கடனுக்கு அதிகப்படி கட்டுவதை நிறுத்தி, அந்த 6,000-ஐ முதலில் நிரப்பினேன்.

இனி அதிக வட்டிக் கடன். கைமாத்துக் கடனை முதலில் பிடித்ததற்கு வட்டி மட்டும் காரணமில்லை. வங்கிக்காரர்கள் கடிதம் போடுவார்கள், குழுவில் கூட்டம் போட்டு வாங்குவார்கள். கைமாத்துக்கு ஆள் வாசலில் வந்து நிற்பார். ஆண் துணை இல்லாத வீட்டு வாசலில் மாசாமாசம் ஓர் ஆள் வந்து நின்றால் தெரு என்ன பேசும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டுமா? அதனால் ஒவ்வொரு மாசமும் ஐந்தாம் தேதிக்குள் நானே பகலில் போய், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, வட்டியைக் கொடுத்துவிட்டு வருவேன். வாசலுக்கு வரும் வேலையே வைக்கவில்லை.

அசலைச் சில்லறையாக வாங்க மாட்டேன், பத்துப் பத்தாயிரமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர். பல இடத்திலும் இதுதான் வழக்கம். ஆகவே கடனை அடைக்கவும் கொஞ்ச நாள் சேர்த்துத்தான் ஆகணும்! 2,560 வீதம் நாலு மாசம் சேர்த்து 2023 ஜூனில் முதல் பத்தாயிரம் கொடுத்தேன். வட்டி 1,500-ல் இருந்து 1,200 ஆச்சு. அந்த முந்நூறையும் சேர்த்தால் மாச மிச்சம் 2,860. அடுத்த பத்தாயிரம் அக்டோபரில். மிச்சம் 3,160. இப்படி ஒவ்வொரு பத்தாயிரம் குறையும்போதும் மிச்சம் முந்நூறு ஏறும். நடுவில் காய்ச்சல் செலவு வந்தும், 2024 மார்ச்சில் மூன்றாவது, ஜூனில் நாலாவது, ஆகஸ்டில் கடைசி. ஜூலையில் குழுக்கடன் தவணை முடிந்ததும் கைகொடுத்தது. நான் தொடங்கியதில் இருந்து 22 மாசத்தில் கட்டிய வட்டி 23,700 ரூபாய். வெறும் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் 33,000 போயிருக்கும், ஐம்பதாயிரம் அசலும் அப்படியே நின்றிருக்கும்.

இதில் சகோதரிகள் கவனிக்க வேண்டியது சில உண்டு. ஒவ்வொரு முறை அசல் கொடுக்கும்போதும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பணம் கொடுத்த அன்றே புரோநோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எழுதாத புரோநோட்டிலும், தொகை போடாத செக்கிலும் கையெழுத்துப் போடவே கூடாது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் வருஷமே சட்டம் வந்துவிட்டது. அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்குவது, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் அடங்கும். மூன்று வருஷம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம். மிரட்டல் வந்தால் பயந்துகொண்டு இன்னொரு இடத்தில் கடன் வாங்காமல் போலீசிலோ கலெக்டர் ஆபீசிலோ மனுக் கொடுக்க வேண்டும்.

குழுக்கடனை ஏன் முன்கூட்டி அடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அதன் வட்டி வருஷத்துக்கு 24 சதவீதம், கைமாத்தின் 36-ஐவிடக் குறைவு. தவணையில் அசலும் சேர்ந்தே கழிகிறது. ஆனால் ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. நான் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்ற பெண்கள் தலையில் விழுமே! மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மாச வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக்கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து வசூல் கேட்கக்கூடாது. தவணையைத் தள்ளி வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் வட்டியும் நிற்குமா என்று கேளுங்கள். கொரோனா சமயத்தில், 2020 மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை, தவணை கட்ட அவகாசம் கொடுத்தார்களே, அப்போது தவணைதான் தள்ளிப் போனது. வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்தது நகைக் கடன். இங்கேதான் என் கணக்கு மாறியது. மூணு வட்டிக் கடன் முடிந்த பிறகு கையில் 7,000 நின்றது. இருப்பது 9 சதவீதக் கடன், ஆர்.டி. 6.7 சதவீதம். வித்தியாசம் இரண்டே கால் சொச்சம்தான். ஆயிரம் ரூபாயைக் கடனில் போடாமல் ஆர்.டி.யில் போட்டால் வருஷத்துக்கு 23 ரூபாய்தான் நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு, என் பேரில் ஒரு சேமிப்புப் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே 2024 செப்டம்பரில் இருந்து 5,000 நகைக் கடனுக்கு, 2,000 ஆர்.டி.க்கு. ஐந்து வருஷம் முடிந்தால் போட்டது 1,20,000, வருவது 1,42,700 சொச்சம். பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருஷம் ஓடிவிட்டால், போட்டதில் பாதி வரை அதிலேயே கடன் எடுக்கலாம். வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். பெரிய அவசரம் வந்தாலும் மூணு வட்டிக்குப் போக வேண்டாமே!

நகை வைக்கும்போது நான் செய்த ஒன்று நல்லதாகப் போனது. சங்கிலியையும் வளையலையும் ஒரே ரசீதில் வைக்காமல் 55,000, 55,000 என்று தனித்தனிக் கடனாக வைத்தேன். இரண்டுக்கும் வட்டி கட்டி, அதிகப்படிப் பணம் முழுவதையும் சங்கிலிக் கடனிலேயே கட்டினேன். 13 மாசத்தில், 2025 தீபாவளிக்கு முன்னாலேயே சங்கிலி கைக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் வெறும் மஞ்சள் கயிற்றோடு இருந்தேன். விசேஷ வீடுகளில் நாலு பேர் கழுத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்காகக் கவரிங் வாங்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. ஒரே ரசீதாக இருந்திருந்தால் முழுக் கடனும் தீரும் வரை காத்திருக்கணும்.

சங்கிலியை மீட்கப் போனபோது, பவுன் விலை ஏறிவிட்டதால் அதே வளையலுக்கு இன்னும் கூடுதலாகப் பணம் தருகிறோம் என்றார்கள். உண்மைதான். 2022 நடுவில் பவுன் நாற்பதாயிரத்தை ஒட்டி இருந்தது, 2025 அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. விலை ஏறியதால் நம் நகைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூடுதலாக வாங்கினால் அதற்கும் வட்டி நாம்தானே கட்டணும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு விஷயம். கடன் முழுவதும் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தரணும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்கணும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதி போட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்று கெடுவும் வைத்தது.

நாத்தனார் சொன்ன சீட்டையும் விட்டுவிடவில்லை, விசாரித்தேன். 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று முதலில் பார்க்கணும். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்ததை 2019-ல் 7 சதவீதம் வரை ஆக்கிவிட்டார்கள். கடன் உள்ளவர்கள் சீட்டுப் போட்டால் தள்ளுபடியில் சீக்கிரம் எடுக்கத்தான் மனசு வரும், அதுவும் ஒரு கடன்தானே என்று விட்டுவிட்டேன். பதிவில்லாத சீட்டும், 'மாசம் இருபது பர்சென்ட், முப்பது பர்சென்ட் தர்றோம், உங்க கடன் ஒரே வருஷத்துல தீந்துடும்' என்ற பேச்சும் பக்கத்திலேயே வரக்கூடாது. 2022-ல் சென்னையில் ஆருத்ரா கோல்டு விவகாரம் சந்தி சிரித்ததே! மாசம் 25, 30 சதவீதம் என்று நம்பிச் சுமார் ஒரு லட்சம் பேர் போட்ட பணம் 2,438 கோடி ரூபாய் என்று போலீசார் சொன்னார்கள்.

தனியாக இருப்பதில் செலவுக் குறைப்புக்கும் ஒரு அளவு உண்டு. ரேஷனில் துவரம்பருப்பும் பாமாயிலும் விடாமல் வாங்குகிறேன். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதில் இருந்து, தைக்கும் சேலைகளை வாங்கப் பூந்தமல்லி, போரூர் பக்கம் போய்வர பஸ் செலவு மிச்சம். ஆனால் 'ஒருத்திக்கு எதற்குச் சமையல்' என்று பாலையும் காய்கறியையும் குறைக்க மாட்டேன். உடம்பு கெட்டால் மிச்சம் பிடித்த ஆயிரம் ஒரே நாளில் டாக்டரிடம் போய்விடும். மாசம் ஒருமுறை நோட்டில் மூன்று வரி எழுதி அவருக்கும் போனில் படித்துக் காட்டுவேன்: கடன் பாக்கி எவ்வளவு, கைப்பணம் எவ்வளவு, ஆர்.டி. எவ்வளவு. அங்கே வெயிலில் வண்டி ஓட்டும் மனுஷனுக்கும் தன் உழைப்பு எங்கே போகிறது என்று தெரியணும் இல்லையா?

வளையல் கடன் அடுத்து. அதற்கும் இதே வரிசைதான், மாற்றமில்லை. சகோதரிகளே, உங்கள் வருமானமும் கடனும் வேறாக இருக்கும். தொகையை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். இன்றைக்கே உங்கள் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே வருஷ வட்டி எத்தனை சதவீதம் என்று எழுதிப் பாருங்கள். மாச வட்டியாக இருந்தால் பன்னிரண்டால் பெருக்க மறக்காதீர்கள். எதை முதலில் அடைக்கணும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அதைத் தொடங்குவதற்கு முன், ஒரு மாச மளிகைக்காவது ஆகும் பணத்தை உங்கள் பேரில் ஒதுக்கிவிடுங்கள். இதைவிட நல்ல வழி தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதினால் நானும் கற்றுக்கொள்வேன்.

– ஒரு இல்லத்தரசி, பூந்தமல்லி.